சுண்டைக்காய் பல்பு

பி.காம். படித்தவனுக்கு இரண்டு வித்தைகள் தானாகவே கைவரும் என்பார் என் அப்பா. ஒன்று, இல்லாத லாபத்தை இருப்பதாகக் காட்டுவது. இரண்டாவது, இருக்கிற நஷ்டத்தை இல்லாததாகக் காட்டுவது. போன குற்றால சீசனில் இந்த இரண்டு வித்தைகளையும் ஒரே ஒரு சுண்டைக்காய் சைஸ் பல்பில் செய்து காட்டினேன். இந்த வாரம் அந்தக் கதை.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு அம்பாசிடர் நிற்கிறது. 1994 மாடல், டீசல், வெள்ளை. அப்பா கூட்டுறவு சொசைட்டி வேலையில் மிச்சம் பிடித்து செகண்ட் ஹாண்டில் வாங்கியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாக வைத்துக்கொண்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்த ஜாதி. 2014 மே மாதத்தோடு கம்பெனி நிறுத்திவிட்டது. அப்பா நிறுத்தவில்லை.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீயரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு இடதுபக்க சீட்டுக்கு மாறினார். சீட்தான் மாறினாரே தவிர ஓட்டுவதை விடவில்லை. அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போய்த் திரும்புவதற்குள் என்னை விட அவருக்குத்தான் கால் வலி அதிகம்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்கிற செலவு, அதற்காகப் பண்ணுகிற பெயின்ட் செலவு, மாதாமாதம் ஏதாவது ஒன்று. நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து தேய்மானம் போட்டுப் பார்த்தேன். காரின் மதிப்பு எப்போதோ பூஜ்யத்தைத் தாண்டி மைனஸில் போயிருந்தது. மதுரைக்காரர் ஒருவர், மாப்பிள்ளை அழைப்புக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிறவர், “சீசன் முடிஞ்சதும் வந்து பாக்கறேன் ஸார்” என்று போனில் சொன்னார். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் “சரி” என்றார்.

அப்பாவின் ‘சரி’யில் பல ரகங்கள் உண்டு. இது ‘நீ சொல்லியாச்சு, நான் என்னத்தச் சொல்ல’ ரகம்.

அந்த சமயம் பார்த்து டேஷ்போர்டில் சார்ஜ் லைட் சேஷ்டை பண்ண ஆரம்பித்தது. கார் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். சாவியைத் திருப்பினால் பாட்டரி படம் போட்ட ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடும். எங்கள் வண்டியில் அது முழுசாக அணையாமல், ஊதுபத்தி நுனி மாதிரி மங்கலாகக் கனன்றுகொண்டே இருந்தது. பகலில் தெரியாது. இருட்டினால் தெரியும்.

மதுரைக்காரர் ராத்திரி வந்து பார்த்தால் முதலில் கண்ணில் படப்போவது இதுதான். கணக்கியலில் ‘விண்டோ டிரஸ்ஸிங்’ என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். பாலன்ஸ் ஷீட்டை அலங்காரம் பண்ணி மேடையில் ஏற்றுவது. நான் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டேன். துழாவினேன். பல்பைப் பிடுங்கி ஆஷ்ட்ரேயில் போட்டு மூடினேன். இரண்டு நிமிஷ வேலை. செலவு இல்லை. அன்றைக்கு என்னை விடப் பெரிய மெக்கானிக் திருநெல்வேலி ஜில்லாவில் இல்லை என்று தோன்றியது.

அந்த வாரத்திலிருந்தே அப்பா ஒரு மாதிரியாக இருந்தார். தினசரி காலண்டர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தார். பேப்பரை என் பெண்ணிடம் நீட்டி, “நீ வாசிச்சுக் காட்டு தாயி” என்றார். கார் போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

“விக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா எல்லாருமா குத்தாலம் போயிட்டு வந்துருவோமே” என்றாள் என் மனைவி. அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. நியாயம் இல்லாவிட்டாலும் போயிருப்போம்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. கும்மிருட்டு. சாவியைத் திருப்பினேன். இடதுபக்கமிருந்து அப்பா கேட்டார்: “செவப்பு வந்துதா?”

“வந்துதுப்பா” என்றேன்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆலங்குளம் வரை ஹெட்லைட். பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது, அதற்கு வைப்பர். பின்சீட்டில் இரண்டு செல்போன்கள் சார்ஜில். ஆனந்தமாகப் போனோம். தென்காசிக் கோபுரம் தெரிந்ததும் அப்பா கும்பிட்டார். அந்தக் கோபுர வாசலில் காற்று எப்படி அடிக்கும் என்று என் பெண்ணுக்கு விளக்கினார். அதற்கும் அவர் முகத்தில் பழைய உற்சாகம் இல்லை.

மெயின் அருவியில் கூட்டம் நெரிந்ததால் ஐந்தருவிக்குப் போய்விட்டோம். குளித்தோம். ரம்புட்டான் வாங்கினோம். குரங்கு அதில் பாதியை வாங்கிக்கொண்டது. மறுபடி குளித்தோம். சாயங்காலம் நாலரைக்கு வண்டிக்கு வந்து, ஹீட்டரைப் போட்டுக் கொஞ்சம் காத்திருந்து, சாவியைத் திருப்பினால்...

‘டிக்.’

இன்னொரு தடவை. ‘டிக்.’

“செல்ஃப் எடுக்கல” என்றேன், கண்டுபிடித்தவன் மாதிரி.

“பாட்டரி எறங்கிட்டு” என்றார் அப்பா. பிறகு தயக்கமாக, “சாவியப் போட்டா செவப்பு வருதுல்லா?” என்றார்.

ஏழு ஜென்மத்துக்கும் மறக்காது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பின்சீட்டில் மனைவி, பக்கத்தில் அப்பா, பானெட் மேலே குரங்கு. இத்தனை சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. “வருதுப்பா” என்றேன்.

அப்பா பேசாமல் கதவைத் திறந்து இறங்கினார்.

இறங்கினவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். (குரங்கு கோபித்துக்கொண்டு போயிற்று.) “மொதல்ல பெல்ட்டப் பாரு” என்றார். ஃபேன் பெல்ட் இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நன்றாக விறைப்பாகவே இருந்தது.

இதை வாசகர்கள் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும். அம்பாசிடரில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும், ரேடியேட்டர் ஃபேனையும், வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. பெல்ட் அறுந்து போனால் சார்ஜ் மட்டும் போகாது. தண்ணீர் சுற்றாமல் எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து, நூறு ரூபாயில் முடிகிற சமாசாரம் பல ஆயிரத்தில் போய் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்திப் பெல்ட்டைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பெல்ட் இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். வேறு சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவுகிற வாக்குவம் பம்பும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே பெல்ட் போனால் பிரேக்கும் கல்லு மாதிரி ஆகிவிடும்.

“பெல்ட் இருக்கு. அப்ப டைனமோதான் மண்டையப் போட்டுட்டு” என்றார் அப்பா. ஆல்டர்னேட்டர் என்று சொல்ல மாட்டார். அவருக்கு எல்லாமே டைனமோ. “தள்ளி விட்டா ஓடும். ஓட ஆரம்பிச்சா நிக்காது. டீசலுக்குக் கரண்ட் எதுக்கு?”

எனக்கு அது புதுசு. அப்பா சொன்னதையும், வீட்டுக்கு வந்த பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினுக்குள் ஸ்பார்க் பிளக் வினாடிக்குப் பல தடவை பொறி தட்டினால்தான் பெட்ரோல் எரியும். பாட்டரி செத்தால் பொறி போச்சு, பொறி போனால் வண்டி போச்சு. டீசலில் பொறியே கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக நெரித்து அமுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதற்குள் டீசலைப் பீச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. 1897ல் ருடால்ஃப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய சூத்திரம் இதுதான். பழைய டீசல் வண்டியில் பீச்சுகிற பம்பையும் எஞ்சினே சுற்றிக்கொள்கிறது. ஆகவே கிளப்பி விடத்தான் கரண்ட் வேண்டும். கிளம்பிவிட்டால் பாட்டரியைக் கழற்றி எறிந்தால்கூட ஓடும். அணைப்பதற்குக்கூட எங்கள் வண்டியில் சாவி போதாது, ஒரு குமிழைப் பிடித்து இழுத்து டீசலை நிறுத்த வேண்டும். (எச்சரிக்கை: இதெல்லாம் பழைய வண்டிக்கு. கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் டீசலுக்கு எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும். அது வழியில் நின்றால் நின்றதுதான்.)

தள்ள ஆள் வேண்டுமே? ஐந்தருவியில் ஆளுக்கா பஞ்சம்! ஈரத்துண்டு கட்டிய எட்டுப் பேர் எங்கிருந்தோ வந்தார்கள். யார், எந்த ஊர், ஒன்றும் கேட்கவில்லை. “ஸார், செகண்ட்ல போட்டு கிளட்ச்ச அமுக்கிக்கிடுங்க. நாங்க சொல்லுதப்ப விடுங்க” என்றார் அதில் தலைவர் மாதிரி இருந்தவர். ரோடு லேசான இறக்கம். “விடுங்க!” என்றதும் விட்டேன். வண்டி குலுங்கியது. ஒரு தரம் இருமியது. குபுகுபுவென்று வெள்ளைப் புகை விட்டது. அப்புறம் ‘தட தட தட’ என்று பழைய சங்கீதம். எட்டுப் பேரும் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் ஒருவருக்குத் துண்டு இல்லை, டிக்கிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டது. ஓடி வந்து வாங்கிக்கொண்டார். (உள்ளே ஜட்டி இருந்தது, கவலைப்பட வேண்டாம்.)

மணி ஐந்து. வீடு இன்னும் அறுபது கிலோமீட்டர் சொச்சம். “ஓடுதுல்லா, அப்படியே வீட்டுக்குப் போயிருவோம்” என்றேன்.

“லைட்டுக்கு என்ன செய்வ?” என்றார் அப்பா.

அங்கேதான் என் காமர்ஸ் மூளை முதல் தடவையாக உருப்படியாக வேலை செய்தது. ஆல்டர்னேட்டர் என்பது மாதச் சம்பளம். பாட்டரி என்பது பாங்கில் போட்ட டெபாசிட். சம்பளம் நின்றுவிட்டால் டெபாசிட்டை எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். எத்தனை நாள் வரும்? செலவைப் பொறுத்தது. ஹெட்லைட் லோ பீமில் 55 வாட் பல்பு இரண்டு. மொத்தம் 110 வாட். பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியர். வைப்பருக்கு மூன்று நாலு. டெயில் லைட், டேஷ்போர்டு லைட் எல்லாம் தனி. நிறைந்த பாட்டரி என்றால் சில மணி நேரம் தாங்கும். எங்களுடையதோ செல்ஃபையே இழுக்க முடியாத பாட்டரி. ஆலங்குளம் பக்கம் இருட்டில், எதிரே லாரி வரும்போது, டெபாசிட் தீர்ந்து லைட் மங்கிப்போனால்? எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டுகிறவனுக்குத்தான் ரோடு தெரியாது.

பின்சீட்டில் என் பெண் அவள் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேசாமல் ஒப்புக்கொண்டேன். வெளிச்சம் இருக்கும்போதே தென்காசி போய் ஆல்டர்னேட்டரைப் பார்ப்பது, முடியாவிட்டால் அங்கேயே ரூம் போடுவது என்று முடிவாயிற்று.

அதன் பிறகு அப்பா நிதி மந்திரியானார். சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கச் சொன்னார். ஹாரன் கூடாது. வைப்பர் கூடாது. எந்தக் காரணத்தைக் கொண்டும் எஞ்சினை அணைக்கக் கூடாது. சாரலோ விடாமல் தூறுகிறது. “வைப்பர் இல்லாம எப்படி மாமா ரோடு தெரியும்?” என்றாள் என் மனைவி. அப்பா பெட்டிக்கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு புகையிலைத் துண்டு வாங்கி, நனைத்து, முன் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். பழைய லாரி டிரைவர்களின் வைத்தியம். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிந்து இறங்கிவிட்டது. ரோடு தெரிந்தது. கார் முழுக்க வெற்றிலைச் செல்லத்தின் வாசனை.

ஹாரனுக்கு மாற்று, என் மனைவியே. ஜன்னலைத் திறந்து, “அண்ணாச்சி, ஓரம் போங்க! அக்கா, பாத்து!” என்று சீசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டே வந்தாள். அந்தக் குரலுக்கு பாட்டரி தேவையில்லை. நானும் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், சார்ஜ் இறங்கினதே இல்லை.

தென்காசியில், லாரிகள் நிற்கிற ஒரு சந்தில், ஆட்டோ எலக்ட்ரீசியன் கடையைக் கண்டுபிடித்தபோது ஐந்தே முக்கால். மேஜை முழுக்க செல்ஃப் மோட்டார்களும் காயில்களும் குடல் சரிந்து கிடந்தன. நடுவில் ஒரு பாய். அறுபது வயசு இருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதுமே எழுந்து வந்துவிட்டார்.

“அமத்தாதீங்க அண்ணாச்சி, ஓடட்டும்” என்று மீட்டரைப் பாட்டரியில் வைத்தார். 11.7 காட்டியது. “ஓடுற வண்டில பதிமூணே முக்காலுக்கு மேல, பதினாலு சொச்சம் காட்டணும். சும்மா நிக்கிற நல்ல பாட்டரியே 12.6 காட்டும். சுத்தமா சார்ஜ் இல்ல.”

“பாட்டரி வயரக் கழட்டிப் பாத்தா தெரிஞ்சிரும்லா பாய்?” என்று அப்பா டெர்மினலில் கையை வைத்தார்.

பாய் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயா, அது டைனமோ காலத்து வைத்தியம். இதுல ஓடும்போது பாட்டரியக் கழட்டினா வோல்ட் சட்டுனு ஏறி உள்ள இருக்கிற டயோடு எல்லாம் போயிரும். நாப்பது ரூபா சாமான் போன எடத்துல நாலாயிரம் ரூபா சாமானும் சேந்து போயிரும்.”

பிறகு என் பக்கம் குனிந்து டேஷ்போர்டைப் பார்த்தார். “சார்ஜ் இல்லன்னா செவப்பு லைட் நல்லா எரியணுமே. எரியலியே? இப்ப அமத்திட்டு, வெறும் சாவியப் போடுங்க பாப்பம். கெளப்பி விடுதது என் பொறுப்பு.”

குமிழை இழுத்தேன். எஞ்சின் நின்றது. சாவியைப் போட்டேன். சிவப்பு வரவில்லை. ஆஷ்ட்ரேயில் இருப்பது டேஷ்போர்டில் எப்படி எரியும்?

“பல்பு பியூஸா இருக்கும். அதான் சார்ஜே ஏறல” என்றார் பாய்.

“பல்புக்கும் சார்ஜுக்கும் என்ன பாய் சம்பந்தம்?” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“நல்லா கேட்டீங்க. ஆல்டர்னேட்டர் சும்மா சுத்தினா கரண்ட் வராது அண்ணாச்சி. உள்ள ரோட்டார்னு ஒண்ணு இருக்கு, அது காந்தமாகணும். அதுக்கு மொதல்ல கொஞ்சூண்டு கரண்ட் வெளியேயிருந்து கொடுக்கணும். தயிருக்கு ஒறை ஊத்தற மாதிரி. அந்த ஒறை கரண்ட் இந்த சிவப்பு பல்பு வழியாத்தான் போவுது. பல்பு இல்லன்னா ஒறை இல்ல. வண்டி வேகம் புடிச்சா எப்பவாவது தானா எழும்பும், இல்லாட்டி அதுவும் இல்ல.”

எனக்கு வியர்த்தது. ஆக, நான் பிடுங்கினது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. கறவை மாட்டின் காம்பு.

இனி மறைக்க முடியாது. ஆஷ்ட்ரேயைத் திறந்தேன். பல்பை எடுத்து பாயின் உள்ளங்கையில் வைத்தேன். “நான்தான் கழட்டினேன் பாய். லேசா எரிஞ்சுக்கிட்டே இருந்துது. வண்டிய விக்கணும்... வர்றவர் பாத்தா நல்லா இருக்காதேன்னு...”

சந்தில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் மனைவியின் மௌனம் அதை விடச் சத்தமாக இருந்தது.

அப்பா பாயின் கையிலிருந்து பல்பை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பா சிரித்தார். சமீபத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“அப்ப என் கண்ணு நல்லாத்தாம்லே இருக்கு!” என்றார். “மூணு வாரமா சாவியப் போட்டா செவப்புத் தெரியல. ஒங்கிட்ட ரெண்டு மட்டம் கேட்டேன், வருதுன்னுட்ட. சரி, ஆபரேஷன் பண்ணின கண்ணு மறுபடி மங்கிட்டு, செவப்பு மட்டும் தெரியாமப் போச்சுன்னு நெனச்சேன். சீசன் முடியட்டும், ஒங்ககிட்ட சொல்லாம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரணும்னு ஆட்டோக்காரன்கிட்ட பேசி வச்சிருந்தேன்.”

ஸார், இந்தப் பத்தியில் என்னென்னவோ அசட்டுத்தனங்களை எழுதியிருக்கிறேன். எதற்கும் எனக்கு இப்படித் தொண்டை அடைத்ததில்லை. பாலன்ஸ் ஷீட்டில் நான் மறைத்த நஷ்டம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அந்தக் காலண்டர் முன்னால் நின்றது காருக்காக இல்லை.

பாய் நாசூக்கான மனிதர். எதையும் கேட்காதவர் மாதிரி ஸ்பானரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார்.

பாட்டரி நெகடிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிஷத்தில் ஆல்டர்னேட்டரை இறக்கி மேஜையில் பிரித்தார். உள்ளே கார்பன் பிரஷ் என்று இரண்டு கறுப்புக் கட்டிகள். சுற்றுகிற ரோட்டாருக்குக் கரண்டைக் கொண்டுபோய்க் கொடுப்பவை. உரசி உரசித் தேய்வதே அவற்றின் உத்தியோகம். ஒன்று நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இன்னொன்று அதன் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டு ரோட்டாரைத் தொடவே இல்லை. “லைட்டு மங்கலா எரிஞ்சுதுன்னீங்களே, அது இதத்தான் சொல்லியிருக்கு. அப்பமே வந்திருந்தா அரை மணி நேர வேலை, அஞ்சருவில தள்ளி இருக்க வேண்டாம்.”

புது பிரஷ் போட்டார். அது உரசுகிற செம்பு வளையத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிக் கேட்டு, “இது இன்னும் ஓடும்” என்றார். மாட்டினார். கடைசியாக டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, என் சுண்டைக்காயை அதன் இடத்தில் வைத்தார். வேறு பாட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பினோம். சாவியைப் போட்டதும் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பு. எஞ்சின் ஓடியதும் அணைந்தது. மீட்டரில் 14.1.

பில்: பிரஷ் செட் நூற்று இருபது ரூபாய். கூலி ஐந்நூறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சந்தோஷமாகக் கொடுத்தேன். “ஒரேயடியா எறங்கின பாட்டரிய ஆல்டர்னேட்டரே ஏத்தட்டும்னு விட்டா அதுக்கு ரொம்ப சுமை. நாளைக்குக் காலைல மொத வேலையா சார்ஜருல போட்டு மெதுவா ஏத்துங்க” என்று சொல்லி அனுப்பினார் பாய்.

ராத்திரி ஒன்பது மணிக்கு, இரண்டு ஹெட்லைட்டும் ஜாம் ஜாம் என்று எரிய வீடு வந்து சேர்ந்தோம். வழி நெடுக அப்பா வலது காலை ஊன்றி ஊன்றி இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அவர் தெம்பாக இருக்கிறார் என்று அர்த்தம்.

மதுரைக்காரர் மறுபடி போன் பண்ணினார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பிரஷ் மாற்றியது, பாட்டரி ஒரு தடவை அடியோடு இறங்கியது, ஆஷ்ட்ரே உட்பட. கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, “ஸார், ரொம்ப நேர்மையா பேசறீங்க” என்றார். குளிர்ந்துபோனேன். “அதனால ஒரு மூவாயிரம் கொறச்சுக்கலாமா?”

போனை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். “அடுத்த சீசன் முடியட்டும்னு சொல்லு” என்றார்.

இப்போதெல்லாம் வண்டியில் ஏறினதும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சடங்கு உண்டு. நான் சாவியைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்காமல் காத்திருப்பேன். அப்பா முதலில் வலது கண்ணைப் பொத்திக்கொள்வார். பிறகு இடது கண்ணை.

“ரெண்டுலயும் தெரியுது. எடு” என்பார்.